தங்குவிடுதிகளில் குடி பற்றிய ஆய்வு: ஊழியர்களையே ஆய்வாளர்களாகச் சேர்த்தோம், இப்போது ஒருவர் மாட்டிக்கொண்டார்

சிராங்கூன்வாசி (ஞாயிறு, இரவு 10:40)

வணக்கம். நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள், சமூக சேவைத் துறையில் பன்னிரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். பதினான்கு மாதங்களாக ஓர் ஆய்வின் களப்பணியைக் கவனித்து வருகிறேன். வெளிநாட்டு ஊழியர்களுக்கான தங்குவிடுதிகளில் இருக்கும் தமிழ் ஊழியர்களிடையே குடியும் வாயில் ஒதுக்கும் புகையிலையும் எந்த அளவில் இருக்கின்றன, விட நினைப்பவர்களுக்கு என்ன கைகொடுக்கும் என்பதுதான் கேள்வி. மானிய விண்ணப்பத்தில் 'சமூகப் பங்கேற்பு ஆய்வு' என்று எழுதினோம். எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது, கிடைத்ததை வைத்து என்ன செய்வது என்பதையெல்லாம் ஊழியர்களோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். அந்தச் சொல்லை நம்பித்தான் இந்த வேலைக்கு வந்தேன்.

ஊழியர்கள் ஆறு பேர் சேர்ந்தார்கள். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு டன்லப் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியறையில் கூடுவோம். துவாஸிலிருந்து வருகிறவருக்கு ரயிலில் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாரத்தில் இருக்கும் ஒரே விடுமுறையில் துணி துவைத்து, ஊருக்குப் பணம் அனுப்பி, வீட்டாரோடு பேசிவிட்டு எங்களிடம் வந்தார்கள். அந்த நேரத்துக்கு ஊதியம் கொடுக்க நினைத்தோம். வேலை அனுமதியில் எந்த முதலாளியின் பெயர் இருக்கிறதோ அவரிடம் மட்டுமே வேலை செய்யலாம் என்பது நிபந்தனை. நாங்கள் கொடுக்கும் பணம் நாளை 'வேறிடத்தில் வேலை பார்த்தான்' என்று அவர்கள்மீதே திரும்பக்கூடும். பல்கலைக்கழகத்தில் யாராலும் தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் பயணச் செலவும் பேரங்காடிப் பற்றுச்சீட்டும் கொடுத்தோம். 'இணை ஆய்வாளர்' என்று பெயர் சூட்டிவிட்டு இருபது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பற்றுச்சீட்டை நீட்டும்போது ஒவ்வொரு முறையும் எனக்குக் கூச்சமாக இருந்தது.

போதைப்பொருள் பக்கம் நாங்கள் போகவில்லை. உட்கொண்டதற்கே இங்கே சிறை உண்டு. காவல்துறை முறையான உத்தரவோடு வந்து கேட்டால் குறிப்புகளைத் தரமாட்டேன் என்று உறுதி சொல்ல எனக்கு வழி இல்லை. காக்க முடியாத ரகசியத்தைக் கேட்டு வாங்கக் கூடாது என்று முடிவெடுத்தோம். அதனால் உதவி மிகவும் தேவைப்படும் சிலர் வெளியிலேயே நின்றுவிட்டார்கள் என்பது தெரியும்.

இனி நான் இங்கே எழுத வந்த விஷயம். குழுவில் ஒருவர் புதுக்கோட்டைக்காரர், வெல்டர், ஒன்பது ஆண்டுகளாக இங்கே இருக்கிறார். நான் கேட்டால் எல்லாரும் "நாங்கள் குடிப்பதில்லை அக்கா" என்றுதான் சொல்வார்கள். அவர் கேட்டால் உண்மை வரும். அவருடைய அறையில் பன்னிரண்டு பேர். அதில் ஆறு பேரிடம் பேசி, நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தில் தம் கையெழுத்தில் குறித்துவைத்தார். பெயர்கள் இல்லை, எண்கள் மட்டும்தான். தலையணைக்கு அடியில் வைத்திருந்தார்.

அவருடைய நிறுவனத்தின் மேற்பார்வையாளர் ஒருவருக்குச் செய்தி போய்விட்டது. "யார் யார் குடிக்கிறார்கள் என்று எழுதிவைத்திருக்கிறாயாமே, கொடு" என்று கேட்டிருக்கிறார். இவர் அன்றிரவே தாள்களைக் கிழித்து, தண்ணீர் வாளியில் ஊறவைத்துக் கூழாக்கிக் கொட்டிவிட்டார். எதையும் கொடுக்கவில்லை. ஆனால் அறையில் இருப்பவர்கள் நம்பவில்லை. எட்டுப் பேர் சேர்ந்து முறைவைத்துச் சமைப்பது அவர்கள் வழக்கம். அந்தக் கூட்டுச் சமையலிலிருந்து அவரை விலக்கிவிட்டார்கள். இரண்டு வாரமாகக் கடையில் சாப்பிடுகிறார்.

எங்கள் ஒப்புதல் படிவத்தில், தரவுகள் பூட்டிய அலமாரியிலும் கடவுச்சொல் உள்ள கணினியிலும் இருக்கும் என்று மூன்று வரி எழுதியிருந்தோம். அந்த அலமாரி பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அவருக்குப் பூட்ட ஓர் இழுப்பறைகூட இல்லை. ஆய்வுக்கு அனுமதி தந்த நெறிமுறைக் குழுவும் அதைக் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

ஆறு பேரில் இப்போது மூன்று பேர்தான் வருகிறார்கள். ஆய்வை நிறுத்துவதா? தொடர்வதென்றால் எப்படி? இதுபோன்ற வேலையில் இருந்தவர்களும், முக்கியமாக விடுதியில் வாழ்கிறவர்களும் சொல்லுங்கள். கசப்பாக இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன்.

---

இரவுப்பணித் தாதி (திங்கள், காலை 8:15)

அக்கா, நிறுத்துவதா என்பதற்கு எனக்குப் பதில் தெரியாது. நீங்கள் என்ன வினாத்தாள் பயன்படுத்துகிறீர்கள் என்று தெரிந்தால் நல்லது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' என்றால் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும், நானும் அதை வார்டில் பயன்படுத்தித் தடுமாறியிருக்கிறேன்.

பத்துக் கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண், 8 வந்தாலே கவனிக்க வேண்டிய நிலை. இரண்டாவது கேள்வி, குடிக்கும் நாளில் எத்தனை 'பானம்' என்பது. நம் ஆட்கள் பானக் கணக்கில் குடிப்பதில்லை. குவார்ட்டர், கட்டிங், பெரிய பாட்டில் என்றுதான் கணக்கு. 'ஒரு குவார்ட்டர்தான்' என்றால் கேட்பவர் 'ஒன்று அல்லது இரண்டு' என்ற கட்டத்தில் குறித்துவிடுகிறார். 180 மில்லி, 42.8 விழுக்காடு மது. கணக்குப் போட்டால் ஏறத்தாழ 60 கிராம் மதுச்சாரம் வரும். ஒரு பானம் 10 கிராம் என்று கொண்டால் அது ஆறு பானம். 640 மில்லி பீர் பாட்டில், 5 விழுக்காடு என்றால் இரண்டரை. அதே பீர் 8 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் ஸ்ட்ராங் வகை என்றால் நான்கைத் தாண்டும். பாட்டில்களின் படத்தைக் காட்டிக் கேளுங்கள். நான்கு பேர் பகிர்ந்ததா, தனியாகவா என்றும் கேளுங்கள்.

பத்தாவது கேள்விதான் எனக்கு மனத்தை உறுத்துவது. உறவினரோ நண்பரோ மருத்துவரோ உங்கள் குடியைப் பற்றிக் கவலைப்பட்டதுண்டா என்று கேட்கிறது. மனைவி மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார், வீடியோ அழைப்பில் முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்த கணவரைப் பார்க்கிறார். அவர் எப்படிக் கவலைப்படுவார்? 'இல்லை' என்று பதில் வரும், மதிப்பெண் குறையும். தனியாக இருப்பதால் ஏறும் ஆபத்தைத் தாளில் தனிமையே குறைத்துக் காட்டுகிறது.

இன்னொன்று அவசரமானது. தினமும் குடிக்கிற ஒருவரிடம் உங்கள் குழுவினர் யாரும் "இன்றோடு நிறுத்திவிடு" என்று சொல்லிவிட வேண்டாம். கடைசிக் குடி முடிந்த சில மணி நேரத்திலேயே கை நடுக்கம் தொடங்கலாம், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதற்குப் பிறகு ஆள் இடம் தெரியாமல் புலம்பத் தொடங்கினால் உயிருக்கே ஆபத்து. 2020 ஏப்ரலில் கொரோனாவுக்காக விடுதிகளை மூடி யாரையும் வெளியே விடாதபோது எனக்கு முதலில் வந்த பயம் இதுதான். நடுக்கம் கண்டால் எங்கே அழைத்துப் போவது, செலவு யார் பொறுப்பு என்பதைக் கேள்வி கேட்கத் தொடங்கும் முன்பே உங்கள் ஆய்வு முடிவு செய்து வைத்திருக்க வேண்டும்.

---

கம்பி வேலை (திங்கள், இரவு 11:20)

மேடம், நான் 2011இல் வந்தவன். சிவகங்கை. கம்பி கட்டுகிறேன், இப்போது கிராஞ்சிப் பக்கம் விடுதி. உங்கள் மனசு நல்லது என்று எழுத்திலேயே தெரிகிறது. ஆனால் நிறுத்துங்கள் என்றுதான் சொல்வேன்.

2013 டிசம்பர் 8 அன்று ரேஸ் கோர்ஸ் சாலையில் விடுதிக்குப் போகும் பஸ்ஸுக்காக நின்றவர்களில் நானும் ஒருவன். நம்மைப் போல ஒருவர் பஸ்ஸுக்கு அடியில் செத்துக் கிடந்தார். அதற்குப் பிறகு அங்கே கலவரம் வெடித்தது எல்லாருக்கும் தெரியும், நடந்தது தவறுதான். விசாரணைக் குழு உட்கார்ந்தது, 2014இல் அறிக்கை வந்தது. குடியும் ஒரு காரணம் என்றார்கள். வேலை, தங்குமிடம் பற்றிய மனக்குறை காரணம் இல்லை என்றார்கள். 2015 ஏப்ரல் 1 முதல் தீவு முழுக்க இரவு பத்தரைக்கு மேல் பொது இடத்தில் குடிக்கக் கூடாது. தேக்கா என்கிற லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் வாரக் கடைசி முழுக்கவே கூடாது. சட்டத்தை மீறச் சொல்லவில்லை நான். குடிக்காதவன்கூட அன்றைக்குப் பிறகு புல்தரையில் உட்காரப் பயந்தான் என்பதைச் சொல்கிறேன்.

எங்கள் குடியைப் பற்றி எழுதும் தாள் எதுவானாலும் கடைசியில் எங்கள் மேல் ஒரு விதியாக வந்து விழுகிறது. உங்கள் தாள் அப்படி விழாது என்று உங்களால் சொல்ல முடியுமா? அறிக்கையை எழுதி முடித்ததும் அது உங்கள் கையில் இருக்காது.

நீங்கள் எவ்வளவு குடிக்கிறாய் என்று கேட்கிறீர்கள். காலை நாலரைக்கு எழுந்து, ஐந்தேகாலுக்கு லாரியின் பின்னால் ஏறுகிறேன். ஓவர்டைம் முடிந்து விடுதிக்கு வரும்போது ஒன்பது மணி. சமைத்து, குளித்து, படுக்கும்போது பதினொன்று. உடம்பு வலிக்கிறது, தூக்கம் வரவில்லை, பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் ஒரு மூடி ஊற்றித் தருகிறான். அதைக் கேட்டீர்களா? ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் எப்போது தீர்ந்தது என்று கேட்டீர்களா? சுளுக்குக்கு மருந்துக் கடையில் வாங்கும் தைலத்தின் விலை என்ன, ஒரு கேன் பீரின் விலை என்ன என்று கேட்டீர்களா? அடிபட்டவன் பாடு இன்னும் மோசம். இழப்பீட்டு வழக்குக்காக ஸ்பெஷல் பாஸ் என்ற தற்காலிக அனுமதியில் இருப்பவன் வேலை செய்ய முடியாது, மாதக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்கிறான். அவன் குடிக்கிறான் என்று உங்கள் தாளில் எழுதினால், விபத்து நடந்த அன்றும் குடித்திருந்தான் என்று யாராவது இழுத்துவிட மாட்டார்களா?

அந்தப் புதுக்கோட்டை அண்ணன் தாளைக் கிழித்தது சரி. அவருடைய அறை ஆட்களையும் குறை சொல்ல மாட்டேன். பன்னிரண்டு பேர் அறையில் நம்பிக்கை இல்லாமல் தூங்க முடியாது.

---

பழைய செம்பவாங் (செவ்வாய், காலை 6:05)

இருவர் எழுதியதையும் படித்தேன். எனக்கு வயது எழுபத்தெட்டு, ஒன்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது.

என் தந்தை மலாயாவின் சிலாங்கூரில் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டம் ஒன்றில் பால் மரம் வெட்டியவர். 1941இல் அங்கே தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் தலைமையில் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் முன்னின்றது. கோரிக்கைகளில் சம்பளம் இருந்தது, பிள்ளைகளுக்குக் கல்வி இருந்தது, துரையைக் கண்டதும் சைக்கிளைவிட்டு இறங்க மாட்டோம் என்பது இருந்தது. அவற்றோடு கள்ளுக்கடைகளை மூடு என்பதும் இருந்தது. மூடச் சொன்னவர்கள் அந்தக் கடையில் குடித்தவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும்தான். நாதனை நாடு கடத்தினார்கள், பட்டாளம் வந்தது. அந்த வருத்தம் தந்தைக்குக் கடைசிவரை இருந்தது.

அம்மா, அவர்கள் கள்ளைத் தனியாகப் பிரித்து ஒரு கேள்வியாக்கவில்லை. சம்பளத்துக்கும் சைக்கிளுக்கும் பக்கத்தில் அதை வைத்தார்கள். உங்கள் குழுவிடம் கேள்விகளை எழுதச் சொன்னபோது, தலைப்பு ஏற்கெனவே 'குடி' என்று முடிவாகியிருந்ததா? தம்பி கோபப்படுவது அங்கேதான் என்று எனக்குப் படுகிறது.

---

மன்னார்குடி பக்கம் (வியாழன், இரவு 9:50)

அக்கா, நான் இப்போது ஊரில் இருக்கிறேன். நண்பர் ஒருவர் இந்தப் பக்கத்தை அனுப்பினார். மூன்று நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

2014 முதல் 2019 வரை சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் பெயின்ட் வேலை. வந்தபோது நான் குடிக்காதவன். இரண்டாம் ஆண்டு ஞாயிறு மட்டும். நான்காம் ஆண்டு, காலையில் ஒரு மூடி உள்ளே போகாவிட்டால் பாதுகாப்பு வாரின் கொக்கியை மாட்ட முடியாத அளவுக்குக் கை நடுங்கும். அந்தத் தாதி எழுதிய நடுக்கம் அதுதான் என்று இப்போது தெரிகிறது. அன்று நரம்புத் தளர்ச்சி என்று நினைத்து மாத்திரை வாங்கினேன். ஒரு நாள் காலைக் கூட்டத்தில் மேலதிகாரிக்கு வாடை தெரிந்துவிட்டது. பெர்மிட் ரத்து. நான்காம் நாள் திருச்சி விமான நிலையத்தில் இறங்கினேன். உனக்கு என்ன ஆயிற்று என்று இடையில் யாரும் கேட்கவில்லை. ஏஜெண்டு கடனில் ஒன்றரை லட்சம் பாக்கி.

நான் சொல்ல வந்தது இது. உங்கள் கணக்கில் என்னைப் போன்றவன் எங்கே வருவான்? குடியால் வேலைக்குப் போக முடியாமல் போனதுண்டா என்று விடுதியில் இருப்பவரைக் கேட்டால் 'இல்லை' என்றுதான் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. அப்படிப் போக முடியாமல் ஆனவனை அனுப்பிவிட்டார்கள். அங்கே மிஞ்சியிருப்பவர்களைத்தான் நீங்கள் எண்ணுகிறீர்கள். விழுந்தவர்கள் இங்கே மன்னார்குடியிலும் பட்டுக்கோட்டையிலும் அறந்தாங்கியிலும் இருக்கிறோம். என் ஊரைச் சுற்றி மட்டும் நான்கு பேரை எனக்குத் தெரியும். ஒருவர் இறந்துவிட்டார்.

எங்களிடம் பிடுங்குவதற்குப் பெர்மிட் இல்லை. மேற்பார்வையாளர் இல்லை. எங்களுக்கு நீங்கள் ஊதியம் கொடுத்தால் அங்கே எந்த நிபந்தனையும் குறுக்கே வராது. எங்களைக் கேளுங்கள். நானே போய்க் கேட்கவும் தயார், குடிப்பவனிடம் எந்த நேரத்தில் பேசலாம், எப்போது பேசக் கூடாது என்று எனக்குத் தெரியும். நான் விட்டு நான்கு வருடம் ஆகிறது. தஞ்சாவூரில் பதினெட்டு நாள் சிகிச்சையில் இருந்தேன், என் அண்ணி தங்கியிருந்து பார்த்துக்கொண்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஒப்பந்தம் முடிந்து திரும்பியதாகத்தான் என் அம்மா இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார். மற்ற மூவரின் வீட்டிலும் ஏறக்குறைய இப்படித்தான். கடிதமோ படிவமோ வீட்டு முகவரிக்கு வரக் கூடாது. தொலைபேசியில் கூப்பிட்டால், வயல் பக்கம் போய்ப் பேசுவோம்.

கம்பி வேலை அண்ணனுக்கு: நீங்கள் சொல்வது எல்லாம் சரி அண்ணா. ஆனால் யாரும் எதையும் கேட்காமல் இருந்ததால் எனக்குப் பாதுகாப்பு எதுவும் கிடைக்கவில்லை.

---

கம்பி வேலை (வியாழன், இரவு 11:35)

தம்பி, படித்தேன். மன்னித்துக்கொள். என் அறையிலும் 2018இல் ஒருவனை அப்படி அனுப்பினார்கள். அவன் கட்டிலில் மறு வாரமே வேறு ஆள். அவன் எண் என்னிடம் இருக்கிறது, இதுவரை நான் கூப்பிட்டதில்லை.

---

சிராங்கூன்வாசி (ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு இரவு 9:30)

பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னியுங்கள். எழுதும் அளவுக்கு ஏதாவது செய்துவிட்டு வரலாம் என்று இருந்தேன்.

ஆய்வை நிறுத்தவில்லை, ஆனால் விடுதிக்குள் நடந்த நேர்காணல்களை நிறுத்திவிட்டோம். இனி யாரும் தம் அறையில் இருப்பவரிடம் கேட்க வேண்டியதில்லை. துவாஸில் இருப்பவர் கிராஞ்சியில் இருப்பவரிடம் பேசுவார், அதுவும் ஞாயிறு தேக்காவில். குழுவில் யாரும் தாளில் எழுதுவதில்லை. பேசி முடித்ததும் மாடியறைக்கு வந்து எங்களிடம் சொல்கிறார்கள், நாங்கள் குறித்துக்கொள்கிறோம். வார்த்தைக்கு வார்த்தை கிடைக்காது என்று எங்கள் பேராசிரியர் வருந்தினார். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

தாதி அவர்களுக்கு: பாட்டில் படம் தயார். குழுவினரே கைப்பேசியில் எடுத்தார்கள். நடுக்கம் கண்டால் எங்கே போவது என்பதற்கு, ஊழியர்களுக்கான ஓர் இலவச மருந்தகத்தோடு பேசி முடித்துவிட்டோம். அது உறுதியாகும்வரை மூன்று வாரம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

செம்பவாங் ஐயா, தலைப்பு ஏற்கெனவே முடிவாகியிருந்தது. உங்கள் கேள்வியைக் குழுவில் படித்துக் காட்டினேன். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவர்களாகவே மூன்று கேள்விகள் சொன்னார்கள். நேற்றிரவு எத்தனை மணிக்குப் படுத்தீர்கள்? கடன் இன்னும் எவ்வளவு? உடம்பில் எங்கே வலிக்கிறது? இவை வினாத்தாளின் முதல் பக்கத்துக்குப் போயிருக்கின்றன, குடி மூன்றாம் பக்கத்தில்தான் வருகிறது. மானியம் கொடுத்தவர்கள் ஏன் என்று கேட்டிருக்கிறார்கள். பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மன்னார்குடித் தம்பி, நெறிமுறைக் குழுவிடம் புதிய அனுமதி கேட்டிருக்கிறோம். வீட்டுக்கு எந்தத் தாளும் வராது, வாய்மொழி ஒப்புதல் போதும், உங்களுக்கு மணிக்கணக்கில் ஊதியம் என்று எழுதியிருக்கிறேன். அனுமதி வந்த அன்றே கூப்பிடுகிறேன், நீங்கள் வயலுக்குப் போன பிறகு.

கம்பி வேலை அண்ணா, அறிக்கை ஒரு தடையாகத் திரும்பி வராது என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. வெளியிடும் முன் குழு முழுவதையும் வாசிக்கும், எந்தப் பத்தியையும் நீக்கச் சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று எழுத்தில் வாங்கியிருக்கிறேன். அதற்கு மேல் என் கையில் இல்லை. நீங்கள் ஒரு ஞாயிறு வந்து எங்களைத் திட்டினாலும் சரி, வாருங்கள்.

புதுக்கோட்டைக்காரர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். தம் அறை ஆட்களிடம் நானே வந்து, தாள் யார் கைக்கும் போகவில்லை என்று சொல்ல வேண்டும் என்றார். விடுதிக்குள் போனால் நடத்துநர் அனுமதி வேண்டும், அனுமதி கேட்டால் ஏன் என்ற கேள்வி வரும். அதனால் அவர்களை வரச் சொன்னோம். சேர்ந்து சமைப்பவர்களில் மூன்று பேர் வந்தார்கள். பஃபலோ சாலை ஓரக் கடையில் தேநீர் வாங்கி நின்றபடியே பேசினோம். தவறு எங்களுடையது, பூட்ட இடமில்லாத மனிதரிடம் மற்றவர்களின் ரகசியத்தைக் கொடுத்துவைத்தோம் என்று சொன்னேன். அவர்களில் மூத்தவர் தேநீரைக் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அவன் கிழித்ததை நான் பார்த்தேன். மற்றவர்களுக்குச் சொல்லப் பயமாக இருந்தது" என்றார்.

இன்று புதுக்கோட்டைக்காரர் மாடியறைக்கு வரவில்லை. மாலையில் செய்தி அனுப்பியிருந்தார். இந்த ஞாயிறு சமையல் முறை அவருடையதாம்.